கியர்பாக்ஸை வண்டியிலேயே விட்டு எஞ்சினை மட்டும் இறக்கி ஏற்றுவது எப்படி?

நாலுசிலிண்டர் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. பானட் வைத்த பிக்கப் டிரக். 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் டர்போ டீசல், இரும்பு பிளாக், 5 கியர் மேனுவல், பின்சக்கர இழுவை. கிளட்ச் ஹைட்ராலிக், ஸ்லேவ் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தைக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் சிலிண்டர்) பெல் ஹவுசிங்குக்கு (கியர்பாக்ஸின் முன்னால் கிளட்ச்சை மூடியிருக்கும் மணி வடிவக் கூடு) வெளியே போல்ட் போட்டிருக்கிறது. கிராங்க் பேரிங் சத்தம் வருவதால் எஞ்சினை இறக்கியே ஆகவேண்டும். கியர்பாக்ஸில் ஒரு குறையும் இல்லை, அதைத் தொடாமல் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். புரொபெல்லர் ஷாஃப்ட், கியர் லீவர், பின் மவுண்டிங் எதையும் கழற்ற வேண்டியதில்லை என்பதுதான் காரணம்.

எஞ்சின் போனபிறகு கியர்பாக்ஸின் முன்பக்கத்தை எதில் தாங்குவது? எஞ்சினை எவ்வளவு தூரம் முன்னால் இழுத்தபிறகு மேலே தூக்கலாம்? கையில் 2 டன் மடக்குக் கிரேன் இருக்கிறது, போதுமா? திரும்ப ஏற்றும்போது கியர்பாக்ஸின் முன்னால் நீட்டியிருக்கும் இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டுக்குள் போக மறுக்கும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

---

ஸ்பேனர்17

இறக்குவது பெரிய வேலை இல்லை. ஏற்றும்போது படப்போகும் பாட்டை இறக்கும்போதே பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் பேட்டரி நெகட்டிவ். பிறகு கூலன்ட், ஆயில் வடியுங்கள். பானட்டைக் கழற்றுமுன் கீல் இருக்கும் இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டால் திரும்ப மாட்டும்போது இடைவெளி பார்த்து அல்லாட வேண்டாம். ரேடியேட்டர், ஃபேன், ஷ்ரவுட், இன்டர்கூலர் குழாய்கள் எல்லாம் வெளியே. ஏசி கம்ப்ரஸரைக் கேஸ் விடாமல் போல்ட்டை மட்டும் கழற்றி ஓரமாகக் கம்பியால் கட்டுங்கள். அதன் எடை ஹோஸில் தொங்கக் கூடாது. பவர் ஸ்டீயரிங் பம்புக்கும் இதே கதைதான். கண்டென்சர் முன்னால் நிற்பதால் அதன்மேல் ஒரு பிளைவுட் துண்டைச் சாய்த்து வையுங்கள், எஞ்சின் புல்லி ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஓட்டை.

டீசல் லைன் இரண்டையும் (வரும் குழாய், திரும்பும் குழாய்) கழற்றிய உடனே மூடி போடுங்கள். ஒரு துளி மண் உள்ளே போனால் இன்ஜெக்டர் போச்சு. டர்போவின் வாய்களை டேப் போட்டு மூடுங்கள். துணி திணித்தால் அதில் நீளமான வால் ஒன்று வெளியே தெரியட்டும், மறந்து ஸ்டார்ட் செய்த கதைகள் நிறைய உண்டு.

வயரிங்கில் ஒவ்வொரு கனெக்டரிலும் எண் எழுதிய டேப், மறுமுனையிலும் அதே எண். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையை மறக்காதீர்கள். ஹீட்டர் ஹோஸ், பிரேக் பூஸ்டரின் வாக்யூம் ஹோஸ், சைலன்சர் முன்குழாய், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று வரிசையாகப் போங்கள். ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸோடு இருப்பதால் அதைத் தொடவே வேண்டாம். ஆனால் கிளட்ச் பெடலின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கட்டிவிடுங்கள். எஞ்சின் வெளியே இருக்கும்போது யாராவது பெடலை மிதித்தால் எதிர்த்துத் தள்ள பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பாகம்) இருக்காது. ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்து விழும், ஃபோர்க்கும் (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் நெம்புகோல்) அது தாங்கி நிற்கும் பந்திலிருந்து கழன்றுவிடும்.

பெல் ஹவுசிங் போல்ட்டுகளில் மேலே இருக்கும் இரண்டுதான் தொல்லை. ஃபயர்வாலுக்கும் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) பிளாக்குக்கும் நடுவே கை போகாது. பின் கிராஸ் மெம்பர் போல்ட்டுகளைத் தளர்த்தி, கியர்பாக்ஸின் வாலை ஜாக்கியில் 4, 5 செ.மீ. இறக்குங்கள். எஞ்சினும் அதோடு பின்னால் சாயும், அப்போது கியர்பாக்ஸின் முதுகுக்கு மேல் 60 செ.மீ. எக்ஸ்டென்ஷனும் யுனிவர்சல் ஜாயின்ட்டும் போட்டுக் கீழிருந்தே பிடித்துவிடலாம். முடிந்ததும் வாலைப் பழைய உயரத்துக்கே ஏற்றிக் கிராஸ் மெம்பரை முறுக்கிவிடுங்கள், தொங்கவிட்டபடி எஞ்சினைப் பிரிக்காதீர்கள். போல்ட்டுகள் நீளத்தில் மாறும். ஓர் அட்டையில் பெல் ஹவுசிங்கின் வட்டத்தை வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள்.

கியர்பாக்ஸைத் தாங்க ஜாக்கி போதும் என்பார்கள். போதும்தான், ஆனால் கிரேனின் கால்கள் உள்ளே வரும்போது ஜாக்கி இடிக்கும், வண்டியை அசைக்கவும் முடியாது. சேஸிஸின் இரண்டு சட்டங்களுக்கும் அடியில் குறுக்கே ஒரு கனமான சதுரக் குழாய் கொடுத்து, இரு முனைகளிலும் எம்12 மரை போட்ட கம்பியால் சட்டத்தோடு பிடியுங்கள். குழாய்க்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவே மரக்கட்டை. இதன் அருமை ஏற்றும்போதுதான் தெரியும்: எம்12 நட்டை ஒரு சுற்று திருப்பினால் 1.75 மி.மீ. ஏறும் அல்லது இறங்கும். ஜாக்கியில் அந்த நுணுக்கம் கிடைக்காது. எஞ்சினைப் பிரிக்குமுன்பே கட்டை பெல் ஹவுசிங்கைத் தொட்டுத் தாங்கட்டும். இல்லாவிட்டால் கியர்பாக்ஸின் பாரம் முழுவதும் இன்புட் ஷாஃப்ட் வழியாகக் கிளட்ச் பிளேட்டின் ஹப்பில் விழும், பிளேட் வளையும்.

இனி பிரிப்பது. எல்லா போல்ட்டும் கழன்றும் அசையவில்லை என்றால் முதல் சந்தேகம் மறந்துபோன போல்ட். ஸ்டார்ட்டர் போல்ட்டே பெல் ஹவுசிங்கையும் பிடித்திருக்கலாம், சம்ப்புக்கும் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) பெல்லுக்கும் நடுவே ஒரு தாங்கு பிராக்கெட் இருக்கலாம். அதெல்லாம் இல்லை என்று உறுதியானபிறகுதான் டவல் பின் (பிளாக்கையும் பெல்லையும் நேராக நிறுத்தும் முளை) துருப் பிடித்ததா என்று பார்க்க வேண்டும். இரண்டு பின்னிலும் துரு நீக்கும் ஆயில் விட்டு ஊறவையுங்கள். மெல்லிய லீவரை இடம் ஒரு முறை, வலம் ஒரு முறை மாற்றி மாற்றி, தடவைக்கு ஒரு மி.மீ. அளவுக்கு நகர்த்துங்கள். ஒரே பக்கத்தை நெம்பினால் அலுமினியக் காது உடையும். பிளாக்குக்கும் பெல்லுக்கும் நடுவே மெல்லிய தகடு இருந்தால் அது எஞ்சினோடு வரவேண்டும், லீவரைத் தகடுக்குப் பின்பக்கமாகக் கொடுங்கள்.

எவ்வளவு முன்னால் என்று கேட்டீர்கள். இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கு பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தாண்டி வெளியே வரும்வரை, பிரஷர் பிளேட்டும் பெல்லை விட்டு முழுதாக வெளியே வரும்வரை நேர்கோட்டில் இழுக்கவேண்டும். உங்கள் அளவு எஞ்சினில் பெரும்பாலும் 15 செ.மீ. அளவுக்குள் முடியும், 20 செ.மீ. இடம் இருந்தால் நிம்மதி. அதற்குமுன் தூக்கினீர்களானால் ஷாஃப்ட் பிளேட்டில் மாட்டிக்கொண்டு கியர்பாக்ஸும் சேர்ந்து எழும்.

---

செயின்பிளாக்

கிரேன் பற்றி மட்டும் சொல்கிறேன். 2 டன் என்று எழுதியிருப்பது கையை முழுக்க உள்ளே தள்ளியிருக்கும்போது. கையில் உள்ள துளைகளுக்குப் பக்கத்திலேயே எடை பொறித்திருக்கும். கடைசித் துளையில் பல கிரேன்களுக்கு அரை டன்தான். உங்கள் எஞ்சின் 200 முதல் 250 கிலோ இருக்கும், அதனால் கடைசித் துளையிலும் தாங்கும். இதையே 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் கம்மின்ஸுக்கு நம்பிப் போகாதீர்கள், அது வெறும் எஞ்சினே சுமார் 500 கிலோ.

தூக்கும் கொக்கிகள் எஞ்சினிலேயே இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஹெட்டில் இருக்கும் காலி மரைத் துளைகளில் 8.8 அல்லது 10.9 தர போல்ட், தடித்த வாஷர். போல்ட் அதன் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்காவது மரையில் இறங்கியிருக்கவேண்டும், எம்10 என்றால் 15 மி.மீ. இன்டேக் மேனிஃபோல்டு ஸ்டட்டில் எக்காரணம் கொண்டும் மாட்டாதீர்கள். செயினின் இரு கைகளுக்கும் நடுவே 60 டிகிரிக்குள் கோணம் இருக்கட்டும். 120 டிகிரிக்கு விரிந்தால் ஒவ்வொரு கையிலும் எஞ்சினின் முழு எடையும் ஏறும்.

லெவலர் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். கைப்பிடியைச் சுற்றினால் எஞ்சினின் மூக்கு ஏறி இறங்கும் அந்தக் கருவி. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து வண்டியில் சமமட்டத்தில் உட்கார்வதில்லை, பின்பக்கம் சில டிகிரி சாய்ந்திருக்கும். பிரிக்குமுன் வால்வ் கவரின்மேல் ஆங்கிள் கேஜ் வைத்து அந்தக் கோணத்தைச் சுண்ணக்கட்டியால் ஃபயர்வாலில் எழுதி வையுங்கள், ஏற்றும்போது தேடுவீர்கள்.

இன்னொன்று: தூக்கும் நேரத்தில் வண்டியின் சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். ஸ்டாண்டில் உயர்த்தி வைத்தால் சம்ப் முன்சட்டத்தைத் தாண்டும் உயரத்துக்குக் கிரேன் எட்டாது. எஞ்சின் தொங்கும்போது அதன் அடியில் கையோ காலோ போகக்கூடாது. வெளியே வந்த உடனே தாழ்த்திவிட்டுத்தான் நகர்த்துங்கள்.

---

பின்னச்சு

மாற்றுக் கருத்து. இரண்டையும் சேர்த்தே இறக்கினால் பொருத்தும் வேலையைத் தரையில் வைத்துக் கண்ணால் பார்த்துச் செய்யலாம். புரொபெல்லர் ஷாஃப்ட் நாலு போல்ட், கியர் லீவர் மூன்று போல்ட், அதற்குப் பயந்து ஏன் இருட்டில் துளாவ வேண்டும்?

---

ஸ்பேனர்17

@பின்னச்சு அண்ணே, உயரமான கூரையும் நீண்ட கையுள்ள கிரேனும் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. சேர்த்துத் தூக்கும்போது 45 டிகிரிக்குப் பக்கத்தில் சாய்க்கவேண்டி வரும், கியர்பாக்ஸின் வாலில் இருந்து ஆயில் கொட்டும், எடையும் கிட்டத்தட்ட 50 கிலோ கூடும். 4 வீல் டிரைவ் ஆக இருந்து டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டிக்கொண்டிருந்தால் நினைத்தே பார்க்க வேண்டாம். இவர் வண்டியில் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது, விட்டுவைப்பதே மேல்.

@நாலுசிலிண்டர் உங்கள் கிளட்ச் புஷ் டைப்பா (ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தள்ளிப் பிரிப்பது), புல் டைப்பா (இழுத்துப் பிரிப்பது) என்று பார்த்துக்கொள்ளுங்கள். புல் டைப்பில் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டோடு கிளிப்பில் மாட்டியிருக்கும். அதை விடுவிக்காமல் எவ்வளவு இழுத்தாலும் எஞ்சின் வராது. பிக்கப்புகளில் பெரும்பாலும் புஷ் டைப்தான், கனரக வண்டிகளில் புல் டைப் சகஜம்.

---

ஆயில்சீல்

எஞ்சின் வெளியே இருக்கும்போது இவற்றைப் பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

கிராங்க்கின் பின் ஆயில் சீல் கட்டாயம் புதிது. புது சீலின் உதடு கருப்பு ரப்பராக இருந்தால் லேசாக ஆயில் தடவிப் போடலாம். டெஃப்லான் வகையாக இருந்தால் உதட்டையும் கிராங்க்கையும் காய்ந்த நிலையில்தான் போடவேண்டும், ஆயில் பட்டால் சரியாகப் படியாது, ஒழுகும்.

ஃப்ளைவீல் (கிராங்க்கின் பின்முனையில் உள்ள கனமான சக்கரம்) போல்ட் துளைகள் பல எஞ்சின்களில் கிராங்க்கேஸுக்குள் திறந்திருக்கும். மரையில் சீலன்ட் போடாவிட்டால் ஆயில் மரை வழியே வந்து கிளட்ச்சை நனைக்கும், பழி ஆயில் சீல்மேல் விழும். கோணம் வைத்து முறுக்கும் ஃப்ளைவீல் போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

பைலட் பேரிங்கை (கிராங்க்கின் பின்முனையில் இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கைத் தாங்கும் பேரிங்) விரலால் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் மாற்றுங்கள். வெண்கல புஷ்ஷாக இருந்தால் ஆயிலில் ஊறவைத்துப் போடவேண்டும், கிரீஸ் வேண்டாம். இன்புட் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைன் பற்களில் (ஷாஃப்ட்டின் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) வெப்பம் தாங்கும் கிரீஸைத் தடவிவிட்டுத் துணியால் துடைத்துவிடுங்கள், பற்களின் பளபளப்பில் ஒட்டியிருப்பது போதும். அதற்கு மேல் இருந்தால் சுழற்சியில் தெறித்து லைனிங்கில் ஏறும்.

கிளட்ச் பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம் எது என்று அச்சிட்டிருப்பார்கள். திருப்பிப் போட்டால் ஹப் ஃப்ளைவீல் போல்ட்டில் உரசும், கிளட்ச் பிரியாது. மையப்படுத்தும் கருவியை உள்ளே வைத்தபடியே பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, தடவைக்கு ஒரு சுற்று வீதம் முறுக்குங்கள். எல்லாம் முறுக்கியபிறகும் கருவி விரலாலேயே உருவி வரவேண்டும். இறுகிப் பிடித்தால் பிளேட் மையத்தில் இல்லை, தளர்த்தித் திரும்பச் செய்யுங்கள். இந்தச் சோதனையை விட்டவர்கள்தான் பிறகு இங்கே வந்து ஷாஃப்ட் போகவில்லை என்று எழுதுகிறார்கள்.

---

நாலுசிலிண்டர்

அனைவருக்கும் நன்றி. எஞ்சின் வெளியே வந்து, வேலை முடிந்து, இப்போது ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஆயில்சீல் சொன்னபடி மையக் கருவி விரலால் வந்தது. எஞ்சின் பின்னால் போய்ப் போய்க் கடைசியில் நின்றுவிட்டது. பெல்லுக்கும் பிளாக்குக்கும் நடுவே மேலே 12 மி.மீ., கீழே 8 மி.மீ. இடைவெளி. நீளமான இரண்டு போல்ட் போட்டு இழுத்துவிடலாமா?

---

ஸ்பேனர்17

வேண்டவே வேண்டாம். கையில் ஸ்பேனர் இருந்தால் கீழே வையுங்கள்.

எங்கே நிற்கிறது என்பதே எது மாட்டியிருக்கிறது என்று சொல்லிவிடும். 5, 6 செ.மீ. இடைவெளியில் நின்றால் ஸ்ப்லைன் பற்கள் பிளேட்டின் பற்களுக்கு எதிரே முட்டி நிற்கின்றன. 2 செ.மீ. அளவில் நின்றால் ஷாஃப்ட்டின் மூக்கு பைலட் பேரிங்கின் விளிம்பில் இடிக்கிறது. 1 செ.மீ. அளவில் என்றால் ஷாஃப்ட் உள்ளே போய்விட்டது, டவல் பின்கள் துளையைத் தேடுகின்றன, அல்லது நடுவே ஏதோ நசுங்குகிறது. அளவுகள் வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், வரிசை மாறாது. உங்களுடையது மூன்றாவது.

மேலே 12, கீழே 8 என்பது நல்ல தகவல். மேலே அதிகம் என்றால் எஞ்சினின் மூக்கு தாழ்ந்திருக்கிறது. பெல்லின் உயரம் 35 செ.மீ. என்று வைத்தால் 4 மி.மீ. வித்தியாசம் ஒரு டிகிரியில் முக்கால் பங்குகூட இல்லை, ஆனால் டவல் பின் சிக்க அது போதும். லெவலரில் மூக்கைக் கொஞ்சம் தூக்குங்கள், அல்லது குறுக்குக் குழாயின் எம்12 நட்டுகளைத் தளர்த்தி பெல்லின் முன்பக்கத்தைத் தாழ்த்துங்கள். இரண்டில் எது என்பதை டவல் பின் சொல்லும்: டார்ச் அடித்துப் பாருங்கள், பின் துளையின் மேல் விளிம்பில் முட்டினால் எஞ்சின் பின்பக்கம் உயரமாக இருக்கிறது, எஞ்சினை இறக்கவேண்டும். கீழ் விளிம்பில் முட்டினால் பெல்தான் உயரம், அதைத் தாழ்த்தவேண்டும். முதலில் உயரம், பிறகு கோணம். ஃபீலர் கேஜ் அல்லது வெர்னியர் வைத்து மேல், கீழ், இடம், வலம் நான்கிலும் இடைவெளி ஒன்றாகும்வரை திருத்துங்கள். இடம் வலம் வித்தியாசம் இருந்தால் கிரேனையே ஒரு விரல் பக்கமாகத் தள்ளவேண்டியிருக்கும்.

அதோடு சுற்றிலும் விரலை விட்டுப் பாருங்கள். ரிவர்ஸ் லைட் வயர், கிளட்ச் குழாய், எர்த் பட்டை, பிளாக்குக்கும் பெல்லுக்கும் இடையில் வரும் மெல்லிய தகட்டின் மடங்கிய நுனி, இவற்றில் ஏதாவது நடுவே இருந்தால் எவ்வளவு சரிசெய்தாலும் உட்காராது.

போல்ட் போட்டு இழுத்தால் மூன்றில் ஒன்று நடக்கும்: பெல்லின் காது உடையும், பைலட் பேரிங் நசுங்கும், அல்லது பிளேட்டின் ஹப் வளையும். மூன்றாவதுதான் மோசம், வெளியே தெரியாது. எஞ்சின் ஓடும், ஆனால் கிளட்ச் முழுதாகப் பிரியாமல் முதல் கியரும் ரிவர்ஸும் கரகரத்தபடி விழும். மறுபடியும் எஞ்சினை இறக்கவேண்டும்.

---

செயின்பிளாக்

மேலே சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன். பெல் போல்ட் அளவிலேயே 12 செ.மீ. நீளப் போல்ட் இரண்டை எடுத்து, தலையை அறுத்துவிட்டு, அந்த நுனியில் ஸ்க்ரூடிரைவர் போக ஒரு பள்ளம் அறுங்கள். பிளாக்கில் எதிரெதிரான இரண்டு துளைகளில் கையால் முறுக்கி வையுங்கள். எஞ்சின் அவற்றின்மேல் வழுக்கிக்கொண்டே பின்னால் போகும், மேலே கீழே தேடவேண்டாம். ஸ்டட்டில் பெல் துளை இறுகினால் உயரம் தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஸ்ப்லைன் முட்டி நிற்பவர்களுக்கு. கியர்பாக்ஸை டாப் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள், இன்புட் ஷாஃப்ட் சுற்றாது. கிராங்க் புல்லி போல்ட்டில் பாக்ஸ் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையில் மெல்லத் திருப்பியபடி இன்னொருவர் எஞ்சினைத் தள்ளவேண்டும். பல்லுக்குப் பல் விழுந்ததும் சட்டென்று பின்னால் போகும். அதற்குமுன் ஃபோர்க் பந்தில் கிளிப்போடு உட்கார்ந்திருக்கிறதா, ரிலீஸ் பேரிங் தன் குழாயில் நேராக இருக்கிறதா என்று பெல்லுக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். சேர்ந்தபிறகு பார்க்க வழியில்லை.

---

நாலுசிலிண்டர்

பெல்தான் உயரமாக இருந்தது. நட் இரண்டு சுற்று தளர்த்தி, மூக்கைக் கொஞ்சம் தூக்கியதும் கையால் தள்ளியே முகம் முகத்தோடு ஒட்டிவிட்டது. இனி எந்த வரிசையில் முறுக்குவது?

---

ஆயில்சீல்

பெல் போல்ட்டுகள் முதலில், எதிரெதிராக. எம்10 என்றால் பொதுவாக 40 முதல் 50 நியூட்டன் மீட்டர், எம்12 என்றால் 70 முதல் 85. உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. ஒவ்வொரு சுற்று முறுக்கியதும் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகினால் அங்கேயே நிறுத்தவேண்டும், ஷாஃப்ட் நுனி கிராங்க்கை முட்டுகிறது என்று அர்த்தம், பெரும்பாலும் தவறான பைலட் பேரிங்.

அடுத்து எஞ்சின் மவுண்டிங் போல்ட்டுகள் எல்லாவற்றையும் கையளவுக்கு மாட்டி, கிரேனை விடுங்கள், குறுக்குக் குழாயை எடுங்கள். எஞ்சின் தானாக உட்கார்ந்தபிறகுதான் மவுண்டிங்கை முறுக்கவேண்டும். கிரேனில் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையில் நின்றுவிடும், ஐடிலில் கேபினே ஆடும்.

ரேடியேட்டர் மாட்டுமுன் ஒரு சோதனை: பெடலின் அடியில் இருந்த கட்டையை எடுத்துவிட்டு, கியரில் போட்டு, ஒருவர் கிளட்ச்சை முழுதாக மிதிக்க இன்னொருவர் கிராங்க்கைத் திருப்பட்டும். சுலபமாகச் சுற்றினால் கிளட்ச் பிரிகிறது. சுற்றவில்லை என்றால் இப்போதே தெரிந்தது நல்லது.

எர்த் பட்டையை மாட்டாமல் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். கரன்ட் வேறு வழி தேடி ஆக்சிலரேட்டர் கேபிள், ஹேண்ட் பிரேக் கேபிள் வழியாகப் போகும், கேபிள் புகையும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசலை நிறுத்திவிட்டு (பழைய பம்ப் என்றால் ஸ்டாப் சோலனாய்டு வயரைக் கழற்றினால் போதும்) ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள். ஒரே மூச்சில் 10 நொடிக்கு மேல் வேண்டாம், நடுவே ஆறவிடுங்கள். டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயைக் கழற்றியிருந்தால் அதில் ஆயில் ஊற்றி மாட்டுங்கள். பிறகு ஃபில்டர் மேலிருக்கும் கை பம்ப் கெட்டியாகும்வரை அழுத்திக் காற்றை எடுங்கள். காமன் ரயில் எஞ்சினாக (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) இருந்தால் ஓடும்போது இன்ஜெக்டர் குழாய் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கும் பழக்கம் கூடாது, அழுத்தம் 1,000 பாரையும் தாண்டக்கூடும், தோலைத் துளைத்துக்கொண்டு போகும்.

ஸ்டார்ட் செய்யுமுன் ஹீட்டரைத் திறந்து வைத்துக் கூலன்ட் நிரப்புங்கள், ஓட ஆரம்பித்துத் தெர்மோஸ்டாட் திறந்தபிறகு மட்டம் இறங்கும், திரும்ப ஊற்றவேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மவுண்டிங், சைலன்சர் நட்டுகளை மறுபடி ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.